கடல் விட்டது, காற்று விடவில்லை

2000-ஆம் ஆண்டுக் கோடையில் ஸ்டாக்ஹோமில் மழை விடாமல் பெய்தது. வாசா அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தவர்கள் நனைந்த உடுப்போடு உள்ளே நுழைந்தார்கள். கூடத்துக் காற்றில் ஈரம் ஏறியது. கப்பலின் கருத்த ஓக் பலகைகள் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூக்கத் தொடங்கியது. அந்த இடங்களைச் சோதித்தபோது கடுமையான அமிலம் இருப்பது தெரிந்தது. 333 ஆண்டுகள் தண்ணீருக்கடியில் கிடந்து பிழைத்த கப்பல் அது. கரையேறி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, உள்ளிருந்தே அரிபடத் தொடங்கியிருந்தது.

மூழ்கிய கப்பலை மீட்பது என்றதும் கிரேன்களும் இரும்பு வடங்களும், நீர் வழிய மேலே வரும் பழைய மரமும், கரையில் நின்று கைதட்டும் கூட்டமும்தான் நம் கண்முன் வருகின்றன. அது ஒரு நாள் வேலை. அந்த மரத்தைக் காய வைப்பதும், சிதறியதைப் பொருத்துவதும், பொருத்தியதைக் குலையாமல் நிறுத்தி வைப்பதும் தலைமுறைகளின் வேலை. ‘முடிந்தது’ என்று சொல்லி அதிலிருந்து யாரும் எழுந்து போக முடிவதில்லை. உலகின் பெரிய கப்பல் அருங்காட்சியகங்கள் கடந்த நூறாண்டில் கற்ற பாடம் இதுதான். நிறைய இழந்துதான் இதைக் கற்றார்கள்.

சேறு காத்தது, சேறே விஷமானது

வாசா ஸ்வீடன் அரசன் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் கட்டச் சொன்ன போர்க்கப்பல். 64 பீரங்கிகள், நூற்றுக்கணக்கான வண்ணச் சிற்பங்கள். மேல்பாரம் அதிகம், அதற்குத் தக்க அடிப்பாரம் இல்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டது. சுமார் 1,300 மீட்டர்தான் போயிருக்கும். காற்று ஓங்கி அடித்ததும் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்த்தட்டுப் பீரங்கித் துவாரங்கள் வழியே தண்ணீர் புகுந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கத் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கியது. சுமார் முப்பது பேர் இறந்தார்கள். கப்பலைக் கட்டிய டச்சுத் தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹைபெர்ட்சன் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோயிருந்தார்.

கடலில் கிடக்கும் மரத்துக்கு முதல் எதிரி கப்பல் புழு. பெயரில்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். பலகையைத் துளைத்துக்கொண்டே போய்ச் சில பத்தாண்டுகளில் ஒரு முழுக்கப்பலையும் சல்லடையாக்கிவிடும். அதற்கு உப்பு வேண்டும். பால்டிக் கடலில் உப்பு குறைவு. போதாததற்கு ஸ்டாக்ஹோம் நகரத்தின் கழிவெல்லாம் அந்தத் துறைமுகத்தில் கலந்து, அடித்தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாமல் போயிற்று. உயிர்கள் வாழ முடியாத அந்தக் கரிய சேற்றில் வாசா அப்படியே நின்றது.

1956-இல் ஆண்டர்ஸ் ஃப்ரான்சேன் என்பவர் படகிலிருந்து இறக்கிய குழாய்க் கருவி கரிய ஓக் துண்டு ஒன்றைக் கொத்திக்கொண்டு மேலே வந்தது. அதன் பிறகு கடற்படை மூழ்கு வீரர்கள் 32 மீட்டர் ஆழத்தில், தங்கள் கையே தெரியாத கலங்கலில், நீர்ப்பீச்சால் மண்ணை அறுத்துக் கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டினார்கள். தலைக்கு மேல் மூன்று நூற்றாண்டு பழைய மரமும் அதனுள் நிறைந்த சேறும் தொங்கிக்கொண்டிருக்க, அவர்கள் நாள்தோறும் அந்தப் பொந்துகளுக்குள் ஊர்ந்து போய் வந்தார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று கப்பல் நீர்மட்டத்துக்கு மேலே வந்தது. உள்ளே நின்ற நீரை இறைத்ததும் தானாகவே மிதந்து உலர்துறைக்குள் போனது. அந்த மனிதர்களின் துணிச்சலைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் வாசாவின் நிஜமான கஷ்டம் அன்றுதான் ஆரம்பித்தது.

நீரில் நெடுங்காலம் கிடந்த மரம் வெளியே பார்க்க மரம்போலவே இருக்கும். உள்ளே அப்படி இல்லை. மரத்தின் உயிரணுச் சுவர்களுக்கு வலுத் தருவது செல்லுலோஸ். நுண்ணுயிர்கள் அதைத்தான் முதலில் தின்கின்றன. லிக்னின் என்ற பொருள் எஞ்சி நின்று வடிவத்தை மட்டும் தாங்குகிறது. செல்லுலோஸ் இருந்த இடத்தில் தண்ணீர் நிரம்பிக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது அதன் பரப்பு இழுவிசை மெல்லிய சுவர்களை உள்நோக்கி இழுத்துச் சரிக்கிறது. வெட்டிப்போட்ட வாழை மட்டை வெயிலில் சுருண்டு நாராவதைப் பார்த்திருப்போம். கவனிக்காமல் விட்டால் ஒரு கப்பலே அப்படித்தான் ஆகும். ஒருமுறை சுருங்கிய மரத்தைத் திரும்ப ஊறவைத்தாலும் பழைய வடிவம் திரும்பாது.

ஆகவே தண்ணீர் வெளியேறும் முன் அந்த இடத்தில் வேறொன்றை ஏற்ற வேண்டும். வாசாவுக்கு அவர்கள் தேர்ந்தது பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாக பி.ஈ.ஜி. தண்ணீரில் கரையும் மெழுகு போன்ற பொருள். களிம்புகளிலும் முகப்பூச்சுகளிலும் இருப்பது. இவ்வளவு பெரிய பொருளில் இதை அதற்கு முன் யாரும் செய்து பார்த்ததில்லை. 1962-இல் தெளிக்கத் தொடங்கினார்கள். முதலில் கையால், பிறகு தானியங்கிக் குழாய்களால். பூஞ்சை வராமல் இருக்கக் கூடவே போரிக் அமிலமும் சேர்த்தார்கள். 1979-இல்தான் நிறுத்தினார்கள். பதினேழு ஆண்டுகள் கப்பல் மேல் மழை பெய்ததுபோல் அது பெய்துகொண்டே இருந்தது. அதன் பிறகு மெல்ல உலர விட ஒன்பது ஆண்டுகள். தெளிப்பு நடந்த காலம் முழுக்க மக்கள் தற்காலிகக் கூடமொன்றில் நடைமேடை மீது நின்று பனிமூட்டத்துக்குள் தெரிந்த கப்பலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்றைய அருங்காட்சியகம் திறந்தது 1990-இல்.

அதே ஆண்டுகளில் இன்னொரு வேலையும் நடந்தது. சேற்றிலிருந்து தனித்தனியாக எடுத்த மரத்துண்டுகள் 13,000-க்கும் மேல். எது எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு வரைபடமும் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் தச்சர்கள் கண்ணளவிலும் கையளவிலும்தான் கட்டினார்கள். துருப்பிடித்துக் கரைந்துபோன ஆணிகளின் துளைகள்தான் துப்பு. ஒரு சிற்பத்தின் முதுகில் உள்ள துளைகள் எந்தப் பலகையின் துளைகளோடு ஒத்துப்போகின்றன என்று தேடித் தேடிப் பொருத்தினார்கள். இன்று நாம் பார்க்கும் வாசாவில் 98 விழுக்காடு அசல் மரம்.

இனி அந்த உப்புப் பூப்புக்கு வருவோம். கழிவு நிறைந்த துறைமுக நீரில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கின. அழுகிய முட்டை நாற்றம் வீசுமே, அந்த வாயுதான். 333 ஆண்டுகளில் அது மரத்துக்குள் ஊறி, கந்தகமாகவும் இரும்புச் சல்பைடுகளாகவும் தங்கிவிட்டது. கப்பலின் பழைய ஆணிகள் துருவாகக் கரைந்து இரும்பையும் மரத்துக்குள் விட்டிருந்தன. தண்ணீருக்குள் இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. காற்றும் ஈரமும் பட்டதும் கந்தகம் மெல்ல கந்தக அமிலமாக மாறுகிறது, இரும்பு அந்த மாற்றத்தைத் துரிதப்படுத்துகிறது. 2002-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, வாசாவின் மரத்துக்குள் சுமார் இரண்டு டன் கந்தகம் இருப்பதாகவும், அது முழுக்க மாறினால் ஐந்து டன்னுக்கு மேல் கந்தக அமிலம் உருவாகும் என்றும் கணக்கிட்டது. எந்தச் சேறு கப்பல் புழுவை அண்டவிடாமல் காத்ததோ அதே சேறுதான் இந்த நஞ்சையும் ஏற்றி வைத்திருந்தது.

உடனே செய்ய முடிந்ததைச் செய்தார்கள். சோடாக் கரைசலில் நனைத்த பற்றுகளைப் போட்டு மேற்பரப்பு அமிலத்தைத் தணித்தார்கள். கூடத்தின் காற்றைக் கட்டுப்படுத்தப் புதிய குளிர்சாதன அமைப்பு வந்தது. 1960-களில் கப்பலை இணைக்க அடித்த எஃகு போல்ட்டுகளே துருப்பிடித்துப் புதிதாக இரும்பை உள்ளே விடுவது தெரிந்ததால், 2011 முதல் 2018 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பிடுங்கித் துருவேறாத எஃகு போல்ட்டுகளைப் போட்டார்கள். இடையில் இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. வெளியே உறுதியாகத் தெரிந்த ஓக் மரத்தின் உட்பகுதி, இழுவிசையைத் தாங்கும் வலிமையைப் பெரிதும் இழந்திருந்தது. தண்ணீர் தந்த மிதப்பும் இல்லை, மரத்தில் பழைய வலுவும் இல்லை. லேசர் கருவிகளால் அளந்து பார்த்தால் கப்பல் ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்து சரிகிறது. இப்போது அதற்குப் புதிய எஃகுத் தாங்கு அமைப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

படிகாரத்தில் வெந்த மரச்சிற்பங்கள்

வாசாவில் நடந்தது முதல்முறை அல்ல. 1904-இல் நார்வேயில் டான்ஸ்பெர்க் அருகே ஓசெபெர்க் என்ற பண்ணை மேட்டைத் தோண்டியபோது 9-ஆம் நூற்றாண்டு வைக்கிங் கப்பல் ஒன்று கிடைத்தது. இரண்டு பெண்களை அதற்குள் வைத்துப் புதைத்திருந்தார்கள். கூடவே அவர்களுக்கு ஒரு தேர், நுணுக்கமாகச் செதுக்கிய பனிச்சறுக்கு வண்டிகள், கட்டில்கள், பாத்திரங்கள். கப்பல் ஓக் மரம், நல்ல நிலையில் இருந்தது. அதை மெதுவாகக் காயவைத்து எண்ணெய் பூசிப் பொருத்தினார்கள். இன்றும் அது கம்பீரமாக இருக்கிறது. சிக்கல் மற்ற பொருள்களில். மேப்பிள் போன்ற மென்மையான மரங்களில் செய்த சிற்பங்கள் நீரூறிக் குழைந்திருந்தன. ஒரு சறுக்கு வண்டி மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகக் கிடைத்தது.

அன்றைய சிறந்த வைத்தியம் படிகாரம். டென்மார்க்கில் அரை நூற்றாண்டாகப் பயன்பட்ட முறை. சூடான படிகாரக் கரைசலில் மரத்தை முக்கி எடுப்பார்கள். ஆறும்போது படிகாரம் மரத்துக்குள் படிகமாகி உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும். துண்டுகளைத் திருகாணிகளும் பசையும் கொண்டு சேர்த்தார்கள். செதுக்கல் நுணுக்கம் ஒன்றுகூட விடாமல் நின்றது. அகழ்வை நடத்திய கேப்ரியல் குஸ்தாஃப்சன் குழுவினரின் அந்த உழைப்பை இன்று பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் படிகாரத்தைச் சூடாக்கும்போதே கந்தக அமிலம் உருவாகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. நூறாண்டுகளாக அந்த அமிலம் உள்ளிருந்து மரத்தைத் தின்றது. இன்று அந்தப் பொருள்கள் பலவற்றில் வார்னிஷ் பூசிய மேல்தோல் மட்டும்தான் உறுதி, உள்ளே பொடி. கையில் தூக்க முடியாது, அதிர்வு ஆகாது. 2014-இல் ஓஸ்லோவில் இதற்கென்றே தனி ஆய்வுத் திட்டம் தொடங்கி, அமிலத்தை நடுநிலையாக்கவும் பொடிந்த மரத்துக்குள் புதிய பிடிமானத்தை ஏற்றவும் வழி தேடினார்கள். பழைய அருங்காட்சியகக் கட்டடத்தை 2022-இல் மூடிப் புதிய கட்டடம் எழுப்பத் தொடங்கியபோது அவர்களுக்கு இருந்த பெரிய அச்சமே, பக்கத்தில் நடக்கும் கட்டுமானத்தின் அதிர்வு அந்தப் பொருள்களை என்ன செய்யும் என்பதுதான்.

குஸ்தாஃப்சனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிகாரம் இல்லாவிட்டால் அந்தச் சிற்பங்கள் 1905-லேயே சுருங்கிக் கரித்துண்டாகியிருக்கும். நூறாண்டுகள் லட்சக்கணக்கானோர் அவற்றைப் பார்த்தது அவரால்தான். அவருடைய காலம் கைவசம் வைத்திருந்த அறிவை முழுதாகப் பயன்படுத்தினார். நாமும் இப்போது அதைத்தான் செய்கிறோம், நம் மருந்தின் பின்விளைவையும் பின்னால் வருகிறவர்கள்தான் அறிவார்கள். அதனால்தான் இன்றைய பாதுகாப்பாளர்கள் என்ன போட்டோம், எவ்வளவு போட்டோம், எந்தத் துண்டு எந்த நிலையில் இருந்தது என்று ஒவ்வொன்றையும் எழுதிவைக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ‘மேரி ரோஸ்’ இந்த அனுபவங்களின் பலனைக் கொஞ்சம் பெற்றது. எட்டாம் ஹென்றியின் கப்பல். 1545 ஜூலை 19 அன்று மூழ்கியது, 1982 அக்டோபர் 11 அன்று மேலே வந்தது. கிடைத்தது பாதிக் கப்பல்தான். வலப்பக்கம் வண்டலுக்குள் புதைந்ததால் தப்பியது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீதியைப் புழுவும் அலையும் கொண்டுபோயின. முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அதன் மேல் குளிர்ந்த நன்னீரை மட்டும் தெளித்தார்கள், உப்பு வெளியேறவும் நுண்ணுயிர் பெருகாமல் இருக்கவும். 1994 முதல் பி.ஈ.ஜி. அதையும் இரண்டு கட்டமாக. முதலில் சிறிய மூலக்கூறுகள், ஆழமாகப் போய் உள்மரத்தில் ஊற. அடுத்து பெரிய மூலக்கூறுகள், சிதைந்த வெளிப்பகுதியை நிரப்ப. 2013 ஏப்ரலில் தெளிப்பான்களை நிறுத்தினார்கள். கப்பலைச் சுற்றியே அருங்காட்சியகக் கட்டடம் எழுந்தது. உள்ளே மரம் உலர்ந்துகொண்டிருக்க, மக்கள் 2016 வரை சிறு சன்னல்கள் வழியாகப் பார்த்தார்கள்.

ஓடாவி இல்லாமல் கப்பல் எழாது

மரத்தைக் காப்பாற்றுவது வேதியியல் என்றால், அதைத் திரும்பக் கப்பலாக்குவது கைத்தொழில். எகிப்தில் கிசாவின் பெரிய பிரமிடுக்குப் பக்கத்தில், 1954-இல், சுண்ணாம்புக்கல் பாளங்கள் மூடிய குழியொன்றில் குஃபு மன்னனின் தேவதாரு மரக்கப்பல் பிரித்து அடுக்கியபடியே கிடைத்தது. 4,500 ஆண்டுப் பழமை, 1,224 துண்டுகள். வறண்ட குழி என்பதால் மரம் நன்றாகவே இருந்தது. ஆனால் இப்படி ஒரு கப்பலைக் கட்டத் தெரிந்தவர் உலகில் எவரும் இல்லை. அகமது யூசுஃப் என்ற பழம்பொருள் சீரமைப்பாளர் அந்தப் பொறுப்பை ஏற்றார். கல்லறைச் சுவர்களில் இருந்த படகுச் சித்திரங்களைப் பார்த்தார். நைல் கரைப் பட்டறைகளில் படகு கட்டுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து கற்றார். சிறிய மாதிரிகள் செய்து பார்த்தார். பொருத்தினார், பிரித்தார், மறுபடியும் பொருத்தினார். பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்பு. 43 மீட்டர் நீளக் கப்பல் எழுந்து நின்றபோது தெரிந்தது, பலகைகளை இணைத்துப் பிடித்திருந்தது கயிறு. நம் சோழமண்டலக் கரையில் அலையை மீறிப் போக ஓடாவிகள் எனும் படகுத் தச்சர்கள் மசூலாப் படகுகளைக் கயிற்றால் தைத்தார்களே, அதே அறிவு அங்கே பிரமிடுக் காலத்திலேயே இருந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் அந்தக் கப்பலைப் பிரிக்காமல் முழுதாகவே இரும்புக் கூண்டில் ஏற்றிப் புதிய பேரருங்காட்சியகத்துக்கு நகர்த்தினார்கள்.

சைப்ரஸில் கிரேனியா அருகே கிடைத்த கி.மு. 4-ஆம் நூற்றாண்டு கிரேக்க வணிகக் கப்பலின் கதையும் எனக்குப் பிடித்தது. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒன்றுசேர்த்தவர் ரிச்சர்ட் ஸ்டெஃபி. பென்சில்வேனியாவில் மின்வேலை செய்துகொண்டிருந்தவர், பொழுதுபோக்காக மாதிரிக் கப்பல்கள் செய்தவர். அவர் கை கண்டுபிடித்ததை ஏடுகள் எதுவும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. துண்டுகளின் வளைவு, பொருத்துத் துளைகளின் கோணம் ஆகியவற்றிலிருந்து, அந்தக் கப்பலில் வங்குக்கால் எனும் விலாச் சட்டங்களை முதலில் நிறுத்திப் பலகை அடிக்கவில்லை, பலகைகளை ஒன்றோடொன்று கோத்து வெளி ஓட்டை முதலில் எழுப்பிவிட்டுப் பிறகுதான் வங்குகளை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார்.

எவ்வளவு நிரப்பலாம், எவ்வளவை வெறுமையாக விடலாம் என்ற கேள்வி இங்கே வருகிறது. இதில் என் மனம் டென்மார்க்கின் ரோஸ்கில்டே பக்கம்தான். 11-ஆம் நூற்றாண்டில் எதிரிப் படை வராமல் தடுக்க, கழிமுகக் கால்வாயில் வேண்டுமென்றே மூழ்கடித்த வைக்கிங் கப்பல்கள்தான் அங்கே இருப்பவை. 1962-இல் சுற்றிலும் தடுப்புச் சுவர் கட்டித் தண்ணீரை இறைத்து எடுத்தார்கள். ஆறு கப்பல் என்று எண்ணிட்டுவிட்டு, பிறகு இரண்டாவதும் நான்காவதும் ஒரே நீண்ட கப்பலின் துண்டுகள் என்று கண்டு, நான்காம் எண்ணையே கைவிட்டார்கள். எண்கள் இன்றும் 1, 2, 3, 5, 6 என்றுதான் நிற்கின்றன. காட்சிக்கூடத்தில் எஞ்சிய பலகைகள் மெல்லிய உலோகச் சட்டகத்தில் தத்தம் இடத்தில் தொங்குகின்றன. இல்லாத இடத்தில் வெறும் கம்பிகள் கப்பலின் கோட்டை வரைந்து காட்டுகின்றன. கிடைத்தது எது, ஊகம் எது என்று பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். புதுப் பலகை வைத்துச் சாயம் பூசி முழுக்கப்பல் ஆக்கியிருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருந்திருக்கும், அந்த நேர்மை போயிருக்கும்.

முழுக்கப்பல் வேண்டும் என்பவர்களுக்காக அவர்கள் வேறு வழி கண்டார்கள். பக்கத்துப் பட்டறையில் பழைய முறைப்படி கோடாரியால் மரம் பிளந்து, இரண்டாம் எண் கப்பலை அதே அளவில் புதிதாகக் கட்டினார்கள். அசலின் மரவளையங்களை ஆராய்ந்ததில் அது 1042 வாக்கில் டப்ளினில் கட்டப்பட்டது என்று தெரிந்திருந்தது. அதனால் 2007-இல் புதுக் கப்பலை ரோஸ்கில்டேயிலிருந்து டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள். அது எப்படி நெளிகிறது, எங்கே தண்ணீர் ஒழுகுகிறது, துடுப்புக்காரர்கள் எத்தனை மணி நேரம் தாங்குகிறார்கள் என்பதெல்லாம் அந்தப் பயணத்தில் அவர்களுக்குக் கிடைத்த பதில்கள். காட்சிக்கூடத்தில் தொங்கும் அசலிடம் இவற்றைக் கேட்க முடியாது.

நம் கடலோரத்தில்

நம் கடல் வெதுவெதுப்பானது, உப்பு மிகுந்தது. கப்பல் புழுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. புகாரிலும் கொற்கையிலும் அத்தனை கலங்கள் வந்து போயிருந்தும் வாசா போல் ஒரு முழு உடல் நமக்குக் கிடைக்காததற்கு இது பெரிய காரணம். இலங்கையின் தென்கரையில் கொடவாய அருகே மீனவர்கள் கண்ட, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள கப்பல் சிதைவிலும் உலோகமும் கண்ணாடியும் கல்லும்தான் பெரிதாக எஞ்சின. மரம் கிடைப்பதானால் கடலில் அல்ல, சேறு மூடிய காயலிலும் கழிமுகத்திலும் வயலடியிலும்தான் கிடைக்கும். கேரளத்தில் சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியில் அப்படித்தான் கிடைத்தது. தைக்கல் என்ற இடத்தில் நிலத்துக்கடியில் புதைந்திருந்த அயினி மரக் கலத்தை 2002–03-இல் அகழ்ந்தார்கள். எஞ்சிய நீளமே 18 மீட்டருக்கு மேல், பலகை இரண்டு அடுக்கு. இடைக்காலத்தில் இந்தியக் கடல்களில் ஓடிய மரக்கலத்தின் உடலை நேரில் பார்க்கத் தரும் மிக அரிய சான்று அது. அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் தொல்லியலாளர் வி. செல்வகுமார்.

நாளை காவிரிக் கழிமுகத்திலோ தாமிரபரணிச் சேற்றிலோ கப்பலின் அடிமரமான ஏரா ஒன்றும் நாலு பலகையும் தலைகாட்டினால் உடனே மேலே எடுக்கத்தான் எல்லோரும் துடிப்போம். அதற்கு முன்பே தயாராக வேண்டியவை உண்டு. அத்தனை நீளத்தையும் முக்கி வைக்கும் தொட்டி, மின்தடையிலும் நிற்காத குளிர்சாதனம், மரவேதியியல் படித்த இளைஞர்கள், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் வந்துசேரும் பணம். இவற்றோடு, கடலூரிலும் தூத்துக்குடியிலும் மரக்கலம் கட்டிய ஓடாவிகளின் கையறிவை அவர்கள் இருக்கும்போதே எழுதியும் படம்பிடித்தும் வைக்க வேண்டும். கண்ணாடியிழைப் படகுகள் வந்தபின் அந்தத் தொழில் வேகமாகக் கரைகிறது. இவை எதுவும் கைவசம் இல்லையென்றால் அளந்து, வரைந்து, ஈரமண்ணாலேயே மூடிவிடுவது தோல்வி ஆகாது. நீரடிப் பண்பாட்டு மரபுக்கான யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையும், கிடைத்த இடத்திலேயே விட்டுக் காப்பதைத்தான் முதல் வழியாகக் கருதச் சொல்கிறது.